காரணமும் குற்றமும்

“நாங்க என்னடா தப்புப் பண்ணினோம்?” என்று அக்கா கேட்டாள். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில், அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். “ஒங்க தப்பு ஒண்ணும் இல்லக்கா. இது பரம்பரையா வர்றது” என்றேன். படித்தவன் சொல்லவேண்டிய பதில் இதுதான். டாக்டரும் இதையேதான் சொல்லியனுப்பியிருந்தார். அக்கா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பரம்பரைன்னா? எங்க ரெண்டு பேர்ட்ட இருந்துதான வந்துச்சு?” என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளது முதல் கேள்வி குற்றத்தைப் பற்றியது. இரண்டாவது காரணத்தைப் பற்றியது. குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டால் காரணமும் இல்லாமல் போய்விடும் என்பதுபோல நான் பேசியிருந்தேன். அந்தச் சௌகர்யம் எனக்கு வாய்த்தது, அவளுக்கு வாய்க்கவில்லை.

குற்றம் இல்லாமல் காரணமாக மட்டும் இருக்கும் ஒரு மனிதன் எப்படி நிற்பது, அவனிடம் மற்றவன் எப்படிப் பேசுவது என்பதுதான் இங்கே என் பிரச்னை. ஒரு நோயை வைத்துப் பேசுவதால் முதலில் நோயைச் சொல்லிவிட வேண்டும். எழுதுகிறவர்களாகிய நமக்கு நோய் என்றால் உடனே அது குறியீடு. இந்தப் பழக்கத்தைக் கண்டித்து சூஸன் ஸோன்டாக் 1978ல் ஒரு புத்தகமே எழுதினார், ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஒரு சிறுவனின் உடம்புக்குள் கல் வளர்கிறது என்று கேள்விப்பட்டால் நம்மில் யாராவது ஒருவர் அதைக் கவிதையாக்கிவிடுவார். அதற்கு முன் அது என்ன கல் என்று பார்த்துவிடலாம்.

அதன் பெயர் பிரைமரி ஹைப்பராக்ஸலூரியா, முதல் வகை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்த கணக்குப்படி பத்து லட்சம் பேரில் ஒருவரிலிருந்து மூவர் வரை இது இருக்கிறது. அழிவது சிறுநீரகம், ஆனால் கோளாறு இருப்பது ஈரலில். ஈரலின் செல்களில் கிளையாக்ஸிலேட் என்ற பொருள் உண்டாகிறது. அதைக் கிளைசின் என்ற உபயோகமான அமினோ அமிலமாக மாற்றுவது ஏஜிடி என்கிற நொதியின் வேலை. அந்த நொதி இல்லாமலோ பழுதாகவோ இருந்தால் கிளையாக்ஸிலேட் ஆக்ஸலேட்டாகிவிடுகிறது. ஆக்ஸலேட்டால் உடம்புக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறியாக வேண்டும். அங்கே கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது, கல்லாகிறது, கடைசியில் சிறுநீரகத்தையே கொன்றுவிடுகிறது. பிறகு போக்கிடம் இல்லாமல் எலும்பிலும் கண்ணிலும் இருதயத்திலும் படிகிறது. இந்த நொதிக் குறைதான் நோயின் மூலம் என்பதை இங்கிலாந்தில் டான்பியூர், ஜென்னிங்ஸ் இருவரும் 1986ல் கண்டுபிடித்தார்கள்.

அக்கா மகனுக்கு ஏழு வயதில் கல் வந்தது. எங்கள் பக்கத்தில் கல் வருவது ஒரு செய்தியே இல்லை. வெயில், தண்ணீர்ப் பஞ்சம் என்று காரணம் கைவசம் இருக்கும். வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார்கள். ஒருமுறை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மறுபடி வந்தது. பதிமூன்று வயதில் இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய் டயாலிஸிஸ் ஆரம்பித்தது. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். எந்த ஆஸ்பத்திரி என்பதை நான் எழுதப்போவதில்லை. ஏழு வயதில் ஏன் கல், பதிமூன்றில் ஏன் இப்படி என்று அங்கே யாரும் கேட்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். பதினான்கு மாதத்தில் அந்தச் சிறுநீரகமும் நின்றது. அதிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது படிகங்கள் தெரிந்தன. ஈரல் தன்பாட்டுக்கு ஆக்ஸலேட்டைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. ஈரலையும் சேர்த்து மாற்றாவிட்டால் பலருக்குப் புதிய சிறுநீரகமும் இப்படித்தான் போகும் என்பது 1980களிலேயே தெரிந்துவிட்ட விஷயம். என்றாலும், வாங்கிய சிறுநீரகத்தையும் இழந்த பிறகே தன் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். பையன் அடுத்த வருஷம் இறந்துபோனான்.

சாவுக்கு வந்தவர்கள் “ஒன் உறுப்பும் வீணாப்போச்சே” என்று அழுதார்கள். அக்கா அந்த வார்த்தையை ஒருபோதும் சொன்னதில்லை. ஒருமுறை நானே அந்தப் பேச்சை எடுத்தபோது, “பதினாலு மாசம் எம்பிள்ள ஒண்ணுக்குப் போனான்டா” என்றாள். டயாலிஸிஸில் இருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் தெரியும். பெரும்பாலோருக்குச் சிறுநீர் மெல்ல மெல்ல நின்றேவிடும். தண்ணீரை அளந்து குடிக்கவேண்டும். அந்தப் பதினான்கு மாதமும் அவன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான், வேப்பமரத்தடிக்குப் போனான், வந்தான். கொடுத்தது எவ்வளவு நாள் நின்றது என்பதை வைத்து அவள் கணக்குப் பார்க்கவில்லை. கான்ட் சொல்லும் ஒழுக்கத்திலும் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, நல்ல சித்தத்தின் மதிப்பை விளைவு கூட்டவோ குறைக்கவோ முடியாது. அக்காவுக்கு கான்டைத் தெரியாது. ஆனால் கொடுத்த விஷயத்தில் அவள் கான்டோடு சேர்ந்து நின்றாள். பெற்ற விஷயத்தில்தான் அவளால் அப்படி நிற்க முடியவில்லை.

பெற்ற விஷயத்தில் அவளுக்கு மூன்று பதில்கள் வந்துகொண்டிருந்தன. முதலாவது வினை. முற்பிறப்பில் செய்தது இப்போது வந்து நிற்கிறது என்று சொல்கிறவர்கள் அதை ஆறுதலாகவே சொல்கிறார்கள். ஆனால் அதன் தர்க்கம் கொடுமையானது. துன்பம் இருப்பதால் குற்றம் இருந்தே தீரவேண்டும், இந்தப் பிறப்பில் அகப்படாததால் இன்னொரு பிறப்பை உண்டாக்கி அதில் குற்றத்தை வைக்கிறது. இரண்டாவது சீர்திருத்தக்காரரின் பதில்: சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான். மூன்றாவது விஞ்ஞானத்தின் பெயரால் நான் சொன்னது: யார் தப்பும் இல்லை.

இரண்டாவது பதிலில் உண்மை இருக்கிறது, அதனால்தான் அதை எளிதில் தள்ளமுடியாது. அக்கா என் பெரியப்பா மகள். மச்சான் எங்கள் அத்தை மகன். முறைப்பெண்ணை முறைமாப்பிள்ளை கட்டிய கல்யாணம். நான் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டு சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். ஒன்று மட்டும் இருப்பவர் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பார், தன்னிடம் இருப்பதையே அறியமாட்டார். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. லண்டனில் ஆர்ச்சிபால்ட் காரட் என்ற டாக்டர் 1902ல் அல்காப்டன்யூரியா என்ற வேறொரு நோயைப் பற்றி எழுதும்போது, நோயாளிகளின் பெற்றோரில் பலர் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா பிள்ளைகளாக இருந்ததைக் கவனித்தார். மனிதரில் ஒடுங்கிய பண்பு இறங்கும் விதம் முதலில் புலப்பட்டது அந்த ஆங்கிலக் குடும்பங்களில்தான், உசிலம்பட்டியில் அல்ல. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

இந்த வட்டாரத்தைப் பற்றி லூயி டூமோன் எழுதியதை நம்மில் சிலர் படித்திருக்கக்கூடும். 1949-50ல் தமிழ்நாட்டில் தங்கிப் பிரமலைக் கள்ளர்களைப் பற்றி ஆராய்ந்து 1957ல் புத்தகம் வெளியிட்டார். அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு, இங்கே ரத்தம் மட்டும் பரம்பரையாக வருவதில்லை, சம்பந்தமும் பரம்பரையாக வருகிறது என்பது. அப்பனுக்கு மச்சானாக இருந்தவன் மகனுக்கு மாமனாகிறான். மாமன் செய்கிற சீர், பெண் கொடுக்கிற உரிமை, கோபித்துக்கொள்கிற உரிமை எல்லாம் தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன. அக்காவுக்கும் மச்சானுக்கும் தாத்தா பாட்டி வழியாக இரண்டு விஷயங்கள் வந்திருக்கின்றன. ஒன்று, பழுதான அந்த மரபணு. இன்னொன்று, ஒருவரை ஒருவர் கைவிடாத அந்த முறை. பையனின் டயாலிஸிஸுக்கு வாரம் மூன்று நாள் மதுரைக்குக் கூட்டிப்போனவர்கள், நிலத்தை அடமானம் வைத்தவர்கள், ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் எல்லோரும் அந்த முறையில் வந்தவர்கள்தான். இனிமேல் கல்யாணம் செய்கிறவர்கள் யோசித்துச் செய்யட்டும், பரிசோதித்துச் செய்யட்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நடந்து முடிந்த கல்யாணத்தின் முன்னால் நின்று அதைச் சொல்வது அறிவுரை ஆகாது, தண்டனைதான்.

உசிலம்பட்டிக்கு இப்படிப்பட்ட தண்டனை புதிதல்ல. டான்பியூரும் ஜென்னிங்ஸும் நொதியைக் கண்டுபிடித்த அதே 1986ல்தான் இந்தியா டுடே இந்தப் பகுதியின் பெண்சிசுக் கொலைகளைப் பற்றி எழுதியது. அதன் பிறகு ஊரின் பெயரே ஒரு குற்றத்தின் பெயராயிற்று. காரணம் வேறு, குற்றம் வேறு என்று நான் பேசும்போது, அந்தக் கொலைகளுக்கும் வறுமை, வரதட்சணை என்று காரணம் சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தப்பிக்க முடியாது. அங்கே ஒரு கை இருந்தது, கையைச் செலுத்திய தீர்மானம் இருந்தது. அக்கா மகனுடைய நோயில் கை இல்லை. ஏன் என்று கேட்காமல் சிறுநீரகத்தை மாற்றியதில் மறுபடியும் கை இருக்கிறது, அங்கே நான் யாரையும் மன்னிக்கத் தயாராக இல்லை. எல்லாவற்றையும் ஊழ் என்று மூடிவிடுவதும், எல்லாவற்றிலும் குற்றவாளியைத் தேடுவதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள். கை எங்கே இருந்தது, எங்கே இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

கை இல்லாத இடத்திலும் அக்காவிடம் ஏதோ ஒன்று இருந்தது. அது எனக்கு இல்லை, ஊருக்கு இல்லை, டாக்டருக்கும் இல்லை. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1976ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு லாரி டிரைவரை உதாரணம் காட்டுகிறார். அவன் தவறு எதுவும் இல்லாமலே ஒரு குழந்தை லாரியில் அடிபட்டுவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களும் வருந்துகிறார்கள், அவனும் வருந்துகிறான். ஆனால் இரண்டு வருத்தமும் ஒன்றல்ல. நாம் அவனிடம் போய் உன் தப்பில்லை என்று சொல்வோம், சொல்லவும் வேண்டும். அவன் உடனே ஆமாம் என்று ஒப்புக்கொண்டு அடுத்த லோடு ஏற்றப் போய்விட்டால், அவனிடம் ஏதோ கோளாறு என்றும் நினைப்போம். உசிலம்பட்டி–தேனி சாலையில் லாரி பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த உதாரணம் புரிய வியாக்கியானம் தேவையில்லை. ஸோஃபாக்ளிஸின் ஈடிபஸ் ஒரு நாடகத்தில் தன் கண்ணைக் குத்திக்கொள்கிறான், கடைசிக் காலத்தில் எழுதப்பட்ட இன்னொரு நாடகத்தில் தெரியாமல் செய்தேன், நான் குற்றவாளி இல்லை என்று வாதாடுகிறான். இரண்டும் அதே மனிதன்தான். வாதத்தில் ஜெயித்ததால் கண் திரும்ப வரவில்லை. குற்றம் இல்லை என்ற தீர்ப்புக்குப் பிறகும் மிஞ்சுகிற அந்த ஒன்றுக்குத் தமிழில் தனியாக வார்த்தை இல்லை. பாவம் என்கிறோம். அதே வார்த்தையைப் பரிதாபத்துக்கும் வைத்திருக்கிறோம். ஒருவேளை அது சரியாகவே இருக்கலாம்.

இனி மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணனின் நோய்க்குப் பெயர் தெரிந்ததும் தங்கையையும் பரிசோதித்தார்கள். எட்டு வயது, ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இருந்தது. சிறுநீரகம் இன்னும் கெடவில்லை. இதற்கு முதல் மருந்து தண்ணீர். உடம்பின் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு இரண்டிலிருந்து மூன்று லிட்டர், இரவிலும் பகலிலும் பரவலாக. 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வரவேண்டுமென்று வருஷக்கணக்காகப் போராடிய பகுதியில் இதைத்தான் மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். அக்கா இரவில் இரண்டு தடவை எழுந்து பிள்ளையை எழுப்பித் தண்ணீர் கொடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அடிக்கடி வெளியே விடமாட்டேன் என்று சொன்ன டீச்சரிடம் போய் வகுப்பு வாசலில் நின்றாள், விடும்வரை நின்றாள். ஒரு பெண்பிள்ளைக்காக நடுராத்திரியில் இந்த வட்டாரத்தில் விளக்கு எரிவதையும் யாராவது பதிவு செய்யட்டும்.

இரண்டாவது மருந்து ஒரு வைட்டமின். பி6, பைரிடாக்ஸின். வைட்டமின் என்ற வார்த்தை நம்மை ஏமாற்றக்கூடியது. இது ஊட்டக்குறைவு இல்லை, கீரையில் சரியாகாது. இந்த வயதில் அன்றாடத் தேவை ஒரு மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். சிகிச்சையில் எடையில் கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். இருபத்துநான்கு கிலோ பிள்ளைக்கு 120 மில்லிகிராம், அதாவது தேவையைப் போல நூறு மடங்குக்கு மேல். மிகையான அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பைக் கெடுக்கும் என்பது 1983லேயே தெரிந்தது, அதனால் கண்காணித்துக்கொண்டே கொடுக்கவேண்டும். ஏஜிடி நொதி வேலை செய்ய பி6 அதனோடு ஒட்டியிருக்கவேண்டும். சிலருடைய மரபணுப் பழுதில் நொதி உண்டாகிறது, வேலையும் தெரியும், ஆனால் செல்லுக்குள் போகவேண்டிய பெராக்ஸிஸோமுக்குப் போகாமல் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அதிக அளவு பி6 கொடுத்தால் நொதி உறுதிப்பட்டு, ஒரு பகுதியாவது சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் பழுது ஐரோப்பிய வம்சத்தாரிடம் அதிகம். வேறு சில பழுதுகளுக்கும் மாத்திரை கேட்கிறது, பலவற்றுக்குக் கேட்பதில்லை. கொடுத்துப் பார்த்து, இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அளக்கவேண்டும். ஆக்ஸலேட் முப்பது சதவீதமாவது குறைந்தால் கேட்கிறது என்று பொருள். கேட்காதவர்களுக்காக, ஈரலில் கிளையாக்ஸிலேட் உண்டாவதையே குறைக்கிற லுமாசிரான் என்ற ஊசிமருந்து 2020ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. வருஷத்துக்குப் பல லட்சம் டாலர். அபூர்வ நோய்களுக்காக இந்திய அரசு 2021ல் அறிவித்த கொள்கையில் ஒரு நோயாளிக்கான உதவியின் உச்சவரம்பை 2022ல் ஐம்பது லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். பி6 மாத்திரை சில ரூபாய். எந்தப் பழுது யாருக்கு என்பதில் ஒரு நியாயமும் இல்லை. எந்த விலை யாருக்கு என்பதில் இருக்கிற அநியாயத்துக்குக் கை உண்டு.

மூன்று மாதம் கழித்து ரிஸல்ட் வந்தது. முப்பத்தெட்டு சதவீதம் குறைந்திருந்தது. நான்தான் அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காகிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “இதை அவனுக்கு ஏழு வயசுல குடுத்திருந்தா கேட்டிருக்குமாடா?” என்றாள்.

கேட்டிருக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பழுது, ஒரே பெற்றோரிடமிருந்து. தங்கைக்குக் கேட்கிற மாத்திரை அண்ணனுக்கும் கேட்டிருக்கவே அநேகமாக வாய்ப்பு. மாத்திரை கேட்காமல் போயிருந்தால் அவளுக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. நல்ல செய்தி பின்னோக்கித் திரும்பிப் பழைய வருஷங்கள் மீது விழுந்தது. நான், “இல்லக்கா, அவனுக்குக் கேட்டிருக்காது. அவனுக்கு முத்திப்போனது” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பொய்யை இரக்கம் என்று நான் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும் என்று பயந்துதான் பொய் சொன்னேன். அதாவது காரணம் வேறு, குற்றம் வேறு என்று வாதிக்கிற நானே, நெருக்கடியில் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவளைக் குற்றமற்றவளாக வைத்திருக்க ஒரு காரணத்தை அவளிடமிருந்து மறைக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படியானால் அவள் குற்றமற்றவள் என்று நான் மனதார நம்பவில்லை என்றாகிறது. வினை பேசுகிறவரும் சீர்திருத்தக்காரரும் வெளிப்படையாகச் செய்ததை நான் மறைவாகச் செய்தேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது சொல்லிவிட்டேன். “அக்கா, அன்னிக்கு நான் சொன்னது பொய். அவனுக்கும் கேட்டிருக்கும்.” “தெரியும்டா” என்றாள். “ஒரே வயித்துப் பிள்ளைகதான.” பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, சொம்பைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. பிறகு, “இது நம்ம தாத்தா பாட்டி வழியாத்தான வந்துச்சு, அப்ப ஒனக்கும் இருக்குமோ?” என்று கேட்டாள். நாலில் ஒரு பங்கு இருக்கலாம், அந்நியத்தில் கட்டியதால் என் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று விளக்கினேன். அவள் விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

“அதெல்லாம் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஒண்ணுக்கப் பரிசோதிச்சுப் பாத்தியா, இல்லையா?”

பார்க்கவில்லை.